வேலைக்குப் போய்க்கொண்டே, வாங்கி வைத்த கேம்களை ஆடி முடிப்பது எப்படி

கல்லூரியில் படிக்கும்போது ஒரே ஒரு டிஸ்க்கை வைத்துக்கொண்டு விடிய விடிய ஆடியவர்களுக்கு இப்போது சம்பளம் வருகிறது. தள்ளுபடி என்று பார்த்தால் வாங்கிவிடலாம். பிளேஸ்டேஷனின் பிஎஸ் பிளஸ் சந்தா வேறு மாதாமாதம் புதிதாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, பாண்டிச்சேரியில் வேலை என்றால், ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பஸ் நின்று நின்று போய், சாயந்திரம் அதே வழியில் திரும்பி வந்து, குளித்து, சாப்பிட்டு, பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து முடிக்கும்போது மணி ஒன்பதரை ஆகிவிடுகிறது. சிப்காட்டில் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு அந்த ஒன்பதரையும் நிச்சயமில்லை. கன்சோலைப் போட்டு, வரிசையாக நிற்கும் கேம்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்து, எதையும் தொடங்காமல் யூடியூபுக்குப் போய்விடுகிற ராத்திரிகள் இப்படித்தான் சேருகின்றன.

இதற்கு வழி உண்டு. எந்த கேம் சிறந்தது என்று பார்த்து எடுப்பதை விட்டுவிட்டு, உங்களுக்குக் கிடைக்கிற ராத்திரிக்கு எது பொருந்தும் என்று பார்த்து எடுக்க வேண்டும். நானும் அந்த ஒன்பதரை மணி ஆள்தான். எனக்கு வேலை செய்த முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் நேரத்தை எண்ணுங்கள்

கேம் பட்டியலைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வாரத்தை எடுத்து, உண்மையில் எத்தனை மணி நேரம் கையில் இருக்கிறது என்று எழுதுங்கள். ஆசைக்கு எழுதாதீர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று தோன்றும், ஆனால் ஒரு நாள் விருந்தாளி வருவார்கள், ஒரு நாள் கல்யாண வரவேற்பு இருக்கும், ஒரு நாள் கண் சொக்கும். ஆக, மூன்று நாள் என்று வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம். மொத்தம் வாரத்துக்கு ஐந்து மணி நேரம், வருஷத்துக்கு 260.

இப்போது அந்த 260-ஐ கேம்களோடு வைத்துப் பாருங்கள். ஹவ் லாங் டு பீட் என்ற தளத்தில் ஒவ்வொரு கேமுக்கும் மூன்று கணக்கு இருக்கும்: முக்கியக் கதை மட்டும் ஆடினால் எவ்வளவு, பக்கவேலைகளோடு சேர்த்து எவ்வளவு, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் முடித்தால் எவ்வளவு. முதல் கணக்கை மட்டும் பாருங்கள். 2015-இல் வந்த விட்ச்சர் 3 முக்கியக் கதைக்கே சுமார் 50 மணி நேரம், அதாவது உங்கள் கணக்கில் பத்து வாரம். பெர்சோனா 5 ராயல் சுமார் 100 மணி நேரம், பொங்கலுக்குத் தொடங்கினால் வைகாசி வரை இழுக்கும். 2018-இல் வந்த காட் ஆஃப் வார் சுமார் 20, ஒரு மாதம். அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி ஏழெட்டு மணி நேரம்தான். இன்சைடு மூன்றரை, நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். இவை பழகிய கையோடு ஆடுகிறவர்களும் சேர்ந்து பதிந்த நேரங்கள். ராத்திரி அசதியில் ஆடும் நமக்குக் கூடவே ஆகும், நான் எப்போதும் கால் பங்கு கூட்டிக்கொள்வேன்.

இந்தக் கணக்கைப் போட்டதும் ஒரு விஷயம் தெளிவாகிவிடும். பெரிய கேம் வருஷத்துக்கு இரண்டு, மிஞ்சிப் போனால் மூன்றுதான் முடியும். அது வருத்தப்பட வேண்டிய செய்தியில்லை. எந்த இரண்டு என்று நிதானமாகத் தேர்ந்தெடுக்க அது இடம் கொடுக்கிறது.

பட்டியலை எழுதி, அடித்துத் தள்ளுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கன்சோலின் கேம் லைப்ரரியில் வாங்கியவை என்ற பகுதியைத் திறந்து பெயர்களை எழுதுங்கள், அப்புறம் அலமாரியில் இருக்கும் டிஸ்க்குகள், நண்பர்களிடம் இரவல் போனவை. பெயருக்குப் பக்கத்தில் மணிக்கணக்கை எழுதுங்கள். செயலி, எக்செல் என்று போக வேண்டாம், அதை அழகாக அமைப்பதிலேயே இரண்டு ராத்திரி போய்விடும்.

எழுதியதும் அடிக்கத் தொடங்குங்கள். புது வருஷப் பதிப்பு வந்துவிட்ட பழைய ஃபுட்பால் கேம் போகட்டும். ஆன்லைனில் கூட்டமே இல்லாமல் போய்விட்ட மல்டிபிளேயர் கேம் போகட்டும். ஒரு வரிசையின் ஐந்து பாகங்கள் வைத்திருந்தால் எல்லாவற்றையும் ஒழுங்காக ஆட வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள், அதில் சிறந்தது என்று எல்லாரும் சொல்லும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, ஊரே புகழ்கிறது என்பதற்காக வாங்கி, மனசுக்குள் ஆசையே இல்லாமல் கிடப்பவை. அவற்றை அடிப்பதுதான் கஷ்டம். ஆனால் கொடுத்த காசு எப்போதோ போய்விட்டது. அதற்காக இனி வரும் ராத்திரிகளையும் கொடுக்க வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பிஎஸ் பிளஸ் பற்றிக் குழப்பம் நிறைய இருக்கிறது. எசென்ஷியல் திட்டத்தில் மாதாமாதம் வரும் கேம்களை லைப்ரரியில் சேர்த்துவிட்டால், சந்தா இருக்கும்வரை அவை உங்களிடமே இருக்கும், அவசரமே இல்லை. எக்ஸ்ட்ரா, டீலக்ஸ் திட்டங்களில் இருக்கும் பெரிய தொகுப்பு வேறு மாதிரி, அதிலிருந்து மாதாமாதம் சில கேம்கள் வெளியேறும். எவை போகப் போகின்றன என்பதைக் கடைசி வாய்ப்பு என்ற பகுதியில் காட்டுவார்கள். உங்கள் நோட்டில் முதல் ஐந்துக்குள் இருக்கும் கேம் அங்கே வந்தால் மட்டும் முன்னால் இழுங்கள். மற்றபடி அந்தப் பகுதியைப் பார்த்து அடுத்த கேமைத் தேர்ந்தெடுக்காதீர்கள், பிடித்ததை எல்லாம் பாதியில் போட்டுவிட்டுப் போகிறதைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு, அதற்கு மேல் வேண்டாம்

தடித்த நாவல் ஒன்றையும் வாரப் பத்திரிகை ஒன்றையும் வீட்டில் ஒரே சமயத்தில் படிப்பார்களே, அந்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நீளமான கேம், கூடவே ஒரு குட்டி கேம். நீளமானது மனசு தெளிவாக இருக்கும் நாளுக்கு, குட்டியானது அசதியான நாளுக்கு. பெரிய உலகத்தில் இஷ்டப்படி சுற்ற விடும் ஓப்பன் வேர்ல்டு கேம்கள் இரண்டை மட்டும் சேர்த்து ஆடவே கூடாது. அசாசின்ஸ் கிரீட் வல்ஹாலாவும் விட்ச்சரும் ஒரே வாரத்தில் நடந்தால், எந்த பட்டன் தடுக்கும், எது உருளும் என்று கை குழம்பும், யார் யாருக்கு எதிரி என்று கதையும் குழம்பும், கடைசியில் இரண்டையுமே தொடாமல் விட்டுவிடுவீர்கள்.

குட்டி கேம்களைப் பலர் மதிப்பதில்லை. கொடுத்த காசுக்கு நிறைய மணி நேரம் கிடைக்க வேண்டும் என்ற கணக்கு மாணவர்களுக்குச் சரி. நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு மூன்று மணி நேரத்தில் முழுமையாக முடியும் கேமைப் போல நல்லது எதுவும் இல்லை. ஜர்னி இரண்டு மணி நேரம். ஃபயர்வாட்ச் நான்கு. வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச் இரண்டு சொச்சம். பூனையாக நடக்கும் ஸ்ட்ரே ஐந்து. பிஎஸ் 5 வைத்திருப்பவர்களிடம் ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் கன்சோலோடு இலவசமாகவே வந்திருக்கும், அதைத் திறந்தே பார்க்காதவர்கள் இருக்கிறார்கள், நாளைக்கே திறந்துவிடுங்கள்.

தமிழ் வாசகர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது வெண்பா. 2023 ஜூலையில் வந்தது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, சமையல்தான் ஆட்டமே. அம்மாவின் பழைய சமையல் குறிப்பு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கும், விட்டுப்போன வரியை நாமே ஊகித்து இட்லி ஊற்ற வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். பின்னணியில் அந்தந்தக் காலத்துத் தமிழ்ப் பாட்டின் சாயலில் பாட்டு ஓடும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கேம் என்றாலே எழுந்து போய்விடும் அம்மாவோ மனைவியோ பக்கத்தில் உட்கார்ந்து, தட்டில் எண்ணெய் தடவவில்லையே என்று சொல்வார்கள். ஒரு பெரிய பட்டியலைத் தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

எங்கே நிறுத்தலாம் என்பதுதான் முக்கியம்

ஒரு மணி நேர ராத்திரியில் ஆடுகிறவர்கள் கேம் வாங்கும் முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதை நினைத்த நேரத்தில் நிறுத்த முடியுமா என்பது. கிராஃபிக்ஸ், மதிப்பெண் எல்லாம் அப்புறம்.

ஹேடிஸ் இந்த விஷயத்தில் மிக நல்லது. ஒரு ஓட்டம், அதாவது தொடங்கியதில் இருந்து தோற்கும்வரை அல்லது ஜெயிக்கும்வரை ஒரு சுற்று, சுமார் அரை மணி நேரம், நடுவில் வெளியே வந்தாலும் அதே அறையின் தொடக்கத்தில் விட்டுவைத்திருக்கும். பிஎஸ் 4 ஸ்பைடர்மேனில் பத்து நிமிஷம் கிடைத்தாலும் இரண்டு திருடர்களைப் பிடித்துவிட்டு அணைக்கலாம். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 அப்படியில்லை, ஒரு மிஷனுக்குள் நுழைந்துவிட்டால் முடிக்கும்வரை சேவ் கிடையாது, நடுவில் வெளியேறினால் மிஷனை முதலில் இருந்து ஆட வேண்டும். அதனால் பத்து மணிக்கு மேல் புது மிஷனைத் தொடாதீர்கள், குதிரையில் சுற்றுங்கள், மீன் பிடியுங்கள், அந்த கேமின் அழகும் அதில்தான் இருக்கிறது. எல்டன் ரிங்கை நடுவில் நிறுத்திவைக்க முடியாது, யாராவது கதவைத் தட்டினால் சண்டை உங்களுக்காகக் காத்திருக்காது. ஆனால் மெனு வழியாக வெளியேறினால் நின்ற இடத்திலேயே சேவ் ஆகும், திரும்பி வரும்போது அங்கேயே இருப்பீர்கள். பெர்சோனா 5-இல் எதிரிகள் நிறைந்த மாளிகைகளுக்குள் இருக்கும்போது சேஃப் ரூம் என்ற பாதுகாப்பான அறையில் மட்டும்தான் சேவ் செய்ய முடியும், ஆக ஒரு சேஃப் ரூமில் இருந்து அடுத்தது வரை என்று ராத்திரியை அளந்துகொள்ளுங்கள். ரிட்டர்னல் 2021-இல் வந்தபோது ஓட்டத்தின் நடுவில் நிறுத்தவே வழியில்லை. அந்த வருஷம் அக்டோபரில் வந்த அப்டேட்தான் அந்த வசதியைக் கொடுத்தது. பழைய விமர்சனத்தைப் படித்து அதை ஒதுக்கிவைத்தவர்கள் இப்போது எடுக்கலாம்.

கன்சோலை முழுதாக அணைக்காமல் தூங்கவைக்கும் ரெஸ்ட் மோடை நம்பி சேவ் செய்யாமல் படுக்கப் போகாதீர்கள். பிஎஸ் 4, பிஎஸ் 5 இரண்டிலும் ரெஸ்ட் மோடில் கேம் நினைவகத்தில்தான் நிற்கிறது, கரண்ட் போனால் அதுவும் போய்விடும். படுக்கும் முன் வீடு முழுக்க சுவிட்ச் போர்டை அணைத்துக்கொண்டே வரும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அந்தக் கை டிவி போர்டையும் அணைக்கும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் இருக்கும் குவிக் ரெஸ்யூம் நிலைமையை எஸ்எஸ்டியில் எழுதிவைப்பதால் கரண்ட் போனாலும் பெரும்பாலும் தப்பிக்கும். நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கு அதன் பேட்டரியே துணை. மற்றவர்கள் சேவ் செய்துவிட்டே எழுந்திருங்கள், ஒரே சேவ் மேல் மேல் எழுதாமல் இரண்டு மூன்று இடங்களில் மாற்றி மாற்றி எழுதுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் ஒன்று கெட்டாலும் முந்தினது இருக்கும்.

இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். டிவி இருக்கும் பிளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா? ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும் லைன் கொடுத்திருப்பார்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றிக்கொள்ளலாம். பல வீட்டு இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் மோடுக்கு மாற்ற ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் கரண்ட் போன நொடியில் சீக்கிரம் மாறும், கன்சோல் அணையாமல் தப்பிக்க வாய்ப்பு அதிகம். பிஎஸ் 5 ஆடும்போது 200 வாட் அளவுக்கு இழுக்கும், டிவியும் சேரும், அதனால் கரண்ட் போனதும் சேவ் செய்துவிட்டு அணைப்பதுதான் முறை, பேட்டரியில் தொடர்ந்து ஆடினால் ராத்திரி ஃபேனுக்கு மிஞ்சாது.

அப்புறம் அப்டேட். ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் 20 ஜிபி அப்டேட் கேட்கும் கேம் அந்த ராத்திரியையே எடுத்துக்கொள்ளும். சாப்பிட உட்காரும் முன்னால் கன்சோலைப் போட்டுவிட்டுப் போங்கள், கை கழுவி வரும்போது வேலை முடிந்திருக்கும். இன்ஸ்டால் செய்து வைப்பதும் இரண்டு மூன்று கேமோடு நிற்கட்டும். முதலில் வந்த பிஎஸ் 5-இல் 825 ஜிபி என்று சொன்னாலும் பயன்படுத்தக் கிடைப்பது 667 ஜிபிதான். இடத்தை விட முக்கியமானது, திரையில் இரண்டு படம் மட்டும் தெரிந்தால் கை தானாக ஒன்றை அழுத்தும்.

கடைசி ஐந்து நிமிஷம்

இந்தக் குறிப்பில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தை முடிக்கும் முன் நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். எங்கே நிற்கிறேன், அடுத்து என்ன செய்யப் போகிறேன். 'கிழக்குப் பக்கக் கோட்டை வாசல். சாவி கிடைத்துவிட்டது. உள்ளே போகும் முன் மருந்து வாங்கணும்.' அவ்வளவுதான். நான்கு நாள் கழித்து உட்காரும்போது இந்த இரண்டு வரி இல்லையென்றால் முதல் இருபது நிமிஷம் வரைபடத்தைத் திருப்பிக்கொண்டிருப்பதில் போகும், அது உங்கள் ராத்திரியில் மூன்றில் ஒரு பங்கு. நிறுத்தும் இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பாஸ் என்னும் பெரிய எதிரியோடு சண்டை முடிந்த கையோடு அணைக்காமல், அடுத்த இடம் வரை நடந்துபோய், என்ன காத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அணைத்தால் மறுநாள் உட்காரும் ஆசை தானாக வரும்.

மாதக்கணக்கில் விட்டுப்போன கேமை முதலில் இருந்து தொடங்காதீர்கள். முதல் பத்து மணி நேரத்தை மறுபடி மறுபடி ஆடி, நடுப்பகுதியைப் பார்க்காமலேயே போன கேம்கள் எல்லாரிடமும் உண்டு. பழைய சேவ் ஃபைலைத் திறந்து, எளிய எதிரிகள் இருக்கும் இடத்துக்குப் போய்க் கையைப் பழக்குங்கள், கால் மணி நேரத்தில் விரல்களுக்கு நினைவு வந்துவிடும். கதையை விட்ச்சர் 3 லோடாகும்போதே சொல்லிவிடும், ரெட் டெட் 2-இல் ஆர்தரின் டைரியைப் புரட்டலாம், மற்றவற்றுக்கு யூடியூபில் கதைச் சுருக்கம் கிடைக்கும். அதைப் பஸ்ஸில் பாருங்கள், டிவி முன்னால் இருக்கும் நேரத்தைத் தொட வேண்டாம்.

பிடிக்கவில்லை என்றால் எப்போது விடுவது? பொதுவாக மூன்று ராத்திரி போதும். ஆனால் மெதுவாகத் தொடங்கும் கேம்கள் உண்டு. ரெட் டெட் 2-இன் பனிமலைப் பகுதி இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும், பெர்சோனா 5-இன் முதல் சில மணி நேரம் பெரும்பாலும் பேச்சுதான். உங்கள் விருப்பப்படி சுற்ற விடும் இடம் வரையாவது போய்விட்டு முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகும் கன்ட்ரோலரை எடுக்கத் தோன்றவில்லையா, நோட்டில் அடித்துவிட்டு அழித்துவிடுங்கள்.

டிஃபிகல்ட்டியைக் குறைப்பதில் தயக்கம் வேண்டாம். விட்ச்சர் 3-இல் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், செலெஸ்ட்டில் ஆட்டத்தை எளிதாக்கும் அசிஸ்ட் மோடு இருக்கிறது, ஃபைனல் ஃபேன்டசி 12-இன் பிஎஸ் 4 பதிப்பில் வேகத்தை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு ஆக்கலாம். ஒரே பாஸிடம் ஒரு வாரத்து ராத்திரிகள் போகின்றன என்றால் அந்தச் சண்டைக்கு மட்டும் குறைத்துவிட்டு அப்புறம் ஏற்றுங்கள். எல்டன் ரிங் மாதிரி தோற்றுத் தோற்றுக் கற்பதே ஆட்டமாக இருக்கும் கேம்கள் வேறு, அவற்றுக்கு அந்த நேரத்தைக் கொடுக்க மனசு இருக்கும்போது மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் முடித்தால் கிடைக்கும் பிளாட்டினம் டிராஃபி, வரைபடம் முழுக்கக் கேள்விக்குறி, நூறு இறகு சேர்ப்பது எல்லாவற்றையும் விட்டுவிடலாம். விட்ச்சரின் ஸ்கெலிகே கடலில் மிதக்கும் கேள்விக்குறிகளைத் தேடிப் படகு ஓட்டும் நேரத்தில் வேறொரு நல்ல கேமே முடிந்துவிடும். அதே கேமில் ஆட்கள் கொடுக்கும் பக்கக் கதைகளைத் தவறவிடாதீர்கள், முக்கியக் கதையில் வரும் ப்ளடி பாரன் என்ற பிரபுவின் கதையை ரசித்தவர்களுக்கு அதே கைப்பக்குவம் அங்கேயும் தெரியும்.

தினமும் உள்ளே வந்தால் பரிசு கொடுக்கும் ஆன்லைன் கேம்களைப் பற்றி ஒரு வார்த்தை. கென்ஷின், ஃபோர்ட்நைட், ஈஏ எஃப்சியின் அல்டிமேட் டீம் போன்றவற்றில் ஏதாவது ஒன்று தினமும் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டிருந்தால், நோட்டில் இருக்கும் எதுவும் நகராது. அது பிடித்திருந்தால் தாராளமாக ஆடுங்கள், ஆனால் அதையும் நீளமான கேமின் இடத்தில் வைத்து எண்ணுங்கள்.

வீட்டில் டிவி ஒன்றுதான் என்றால்

சீரியல் நேரத்தில் ரிமோட்டுக்குப் போட்டி போடத் தேவையில்லை. பிஎஸ் 4, பிஎஸ் 5 இரண்டுக்கும் ரிமோட் ப்ளே செயலி இருக்கிறது, வீட்டு வைஃபை வழியாகக் கன்சோலில் ஓடும் கேமை போனில் ஆடலாம், கன்ட்ரோலரை ப்ளூடூத்தில் போனோடு இணைத்துக்கொள்ளலாம். குறைந்தது 5 எம்பிபிஎஸ், நன்றாக ஓட 15 எம்பிபிஎஸ் வேண்டும் என்று சோனி சொல்கிறது. கன்சோலை ரவுட்டரோடு லேன் வயரில் இணைத்துவிட்டால் பாதித் தொல்லை போய்விடும். வேகமான சண்டைக்கு இது சரிப்படாது, பெர்சோனா மாதிரி நிதானமாக முறை வைத்து ஆடும் கேம்களுக்கு அருமையாக இருக்கும். குழந்தை தூங்கும் வீடுகளில் சாதாரண இயர்போனை கன்ட்ரோலரின் அடியில் செருகி, எல்லா ஒலியும் அதிலேயே வரும்படி செட்டிங்கில் மாற்றிக்கொள்ளுங்கள், சப்டைட்டிலைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

கணவனும் மனைவியும் சேர்ந்து ஆட இட் டேக்ஸ் டூ இருக்கிறது. இருவர் இல்லாமல் ஆடவே முடியாது, பன்னிரண்டு மணி நேரம் போல ஆகும், ஞாயிற்றுக்கிழமை மதியங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். பிரியப்போகும் கணவன் மனைவியின் கதை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மழைக்காலத்துக்குப் பெரிய கேம்

வருஷத்தின் பெரிய கேமை எப்போது தொடங்குவது என்பதற்கும் நம் ஊரில் ஒரு கணக்கு உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் பூட்டிய அறைக்குள் கன்சோல் விசிறி சத்தம் போட்டுக்கொண்டு ஓடும், உட்காரவும் முடியாது. அந்த மாதங்களில் சாயந்திரம் சில்வர் பீச்சுக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வந்து குட்டி கேம்களை ஆடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் வெளியே போக வழியில்லை, ராத்திரிகள் நீளமாகக் கிடைக்கும், பெரிய கேமை அப்போது தொடங்கி பொங்கல் விடுமுறையில் முடிக்கலாம். பாண்டிச்சேரியில் வேலை பார்ப்பவர்களுக்கு நவம்பர் 1 விடுதலை நாள் விடுமுறையும் சேர்ந்துகொள்ளும், தொடக்கத்தின் மெதுவான பகுதியைத் தாண்ட அந்த ஒரு பகல் நல்ல உதவி.

ஆனால் அதே மாதங்களில்தான் புயலும் வரும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூரை அடித்துப்போட்டது, 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது பாண்டிச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டி வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. எச்சரிக்கை வந்ததும் கன்சோலின் வயர்களைக் கழற்றிப் பரண் மேல் ஏற்றுங்கள், வெறுமனே சுவிட்சை அணைத்தால் போதாது. அதற்கு முன்னால் சேவ் ஃபைல்களைப் பத்திரப்படுத்துங்கள். பிஎஸ் 4 கேம்களின் சேவ் ஃபைலை பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாம். பிஎஸ் 5 கேம்களின் சேவ் ஃபைலை அப்படித் தனியாக எடுக்க முடியாது, பிஎஸ் பிளஸ் இருந்தால் இணையத்தில் இருக்கும் கிளவுடில் ஏற்றலாம், இல்லாவிட்டால் யுஎஸ்பி டிரைவில் முழு கன்சோலையும் பேக்கப் எடுக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸில் கிளவுட் சேவ் இலவசம், தானாகவே நடக்கும். நாற்பது மணி நேரம் ஆடிய கேமின் சேவ் என்பது இரண்டு மாதத்து ராத்திரிகள், அதற்கு இந்த மெனக்கெடல் தகும்.

புதிதாக வாங்குவது

தொடங்கப் போகிற அன்றைக்கு வாங்குங்கள். அவ்வளவுதான் விதி. பிஎஸ் ஸ்டோர் தள்ளுபடி போனால் வராது என்ற பயம் வேண்டாம், அதே கேம் தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் மறுபடி இறங்கும், ஒரு வருஷம் பொறுத்தால் இன்னும் குறையும், அதற்குள் அப்டேட்களும் வந்து குறைகள் தீர்ந்திருக்கும். டிஸ்க் டிரைவ் இருக்கும் கன்சோலாக இருந்தால் டிஸ்க்காகவே வாங்குங்கள். முடித்ததும் விற்கலாம், நண்பரிடம் மாற்றிக்கொள்ளலாம். கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் இடையில் தினமும் போய்வருகிறவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு டிஸ்க் வாங்கிச் சுற்றில் விடலாம். இரவல் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்ற எண்ணமே அதை முடிக்கவும் வைக்கும்.

ஒன்றை முடித்ததும் சேவ் ஃபைலை கிளவுடில் ஏற்றிவிட்டு, கேமைக் கன்சோலில் இருந்து அழித்துவிட்டு, நோட்டில் தேதி போடுங்கள். அதன் அடுத்த பாகத்துக்கு உடனே தாவ வேண்டாம். காட் ஆஃப் வார் முடித்த மறுநாளே ராக்னராக் தொடங்கினால் அதே கோடரி, அதே பனி, பாதியில் சலித்துவிடும். நடுவில் இரண்டு குட்டி கேம் ஆடுங்கள், ஒரு வாரம் எதுவும் ஆடாமலும் இருக்கலாம், அப்புறம் ராக்னராக் டிஸ்க்கைப் போடுங்கள்.